விரலால் படிக்க ஒரு வலைப்பூ

வலைத்தளம் அமைத்துக் கொடுக்கும் இந்த வேலைக்கு நீங்கள் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் சொந்தக்காரர் யாராவது போன் செய்து, "ஒரு ப்ளாக் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்று கேட்டிருப்பார். குன்னூரில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்தக் கேள்வி வந்துகொண்டே இருந்தது. ஹோம்ஸ்டே நடத்துகிறவர் கேட்பார், மலை ரயிலைப் படம் பிடிக்கிறவர் கேட்பார், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் கேட்பார். எல்லோருக்கும் ஒரே பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ஊரில் பெரும்பாலோர் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதையே போட்டுக்கொள்ளுங்கள். சிக்கல் வந்தால் கேட்பதற்கு ஆள் கிடைக்கும் என்பேன். அது தவறான பதில் இல்லை. இன்றைக்கும் பலருக்கு அதைத்தான் சொல்வேன்.

ஆனால் அந்தப் பதிலைப் பாதியில் நிறுத்த வைத்த ஒருவரைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த நாட்களிலும், அவரை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

எங்கள் அலுவலகம் குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. முதலாளி பிரகாஷ் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட வயதில் சின்னவர். நான் அவருக்கு 'கலாக்கா'. ஒரு மழைநாள் முற்பகலில் வயதான தம்பதி படியேறி வந்தார்கள். கணவர் மனைவியைக் கைப்பிடித்து அழைத்துவந்து என் எதிரே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "நீ பேசிட்டிரு, நான் காய் வாங்கிட்டு வந்தர்றேன்" என்று குடையுடன் இறங்கிப் போனார். அந்த அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. பெயர் பத்மாவதி. குன்னூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வீடு ஜெகதளாவில்.

"ஏனுங்க அம்மிணி, ப்ளாக் வெக்கறதுக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லதுங்க?"

நான் வழக்கமான பதிலை ஆரம்பித்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அத வெரலால படிக்க முடியுங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவர் மடியிலிருந்த துணிப்பையிலிருந்து ஒரு கருவியை எடுத்து மேசையில் வைத்தார். அளவுகோல் மாதிரி நீளமானது. கணினியோடு இணைத்தால், திரையில் இருக்கும் ஒரு வரி அந்தக் கருவியில் பிரெய்ல் புள்ளிகளாக மேலெழும். விரலால் தடவிப் படித்து முடித்ததும் புள்ளிகள் தாழ்ந்து அடுத்த வரி எழும். பெங்களூரில் இருக்கும் தங்கை மகள் வாங்கி அனுப்பியதாகச் சொன்னார்.

அவருடைய யோசனை இதுதான். மலையின் சத்தங்களைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு சத்தத்துக்குக் கீழேயும் அது எப்படி இருக்கிறது என்று தமிழில் எழுத வேண்டும். "வர்றவங்க எல்லாரும் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. இங்க கேக்கறதுக்கு என்ன இருக்குன்னு யாரும் எடுத்துட்டுப் போறதில்லைங்க" என்றார்.

எனக்கு அது பிடித்துப்போனது. மூன்று மென்பொருள்களைச் சோதனைக்கு நிறுவி வைக்கிறேன், வந்து கையால் ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர்கள் போன பிறகு எனக்கு ஒரு எண்ணம் தோன்றியது. திரையை வாசித்துச் சொல்லும் குரல் மென்பொருளைப் போட்டுவிட்டு, மானிட்டரை அணைத்தேன். வெறும் விசைப்பலகையை வைத்துக்கொண்டு ஒரு பதிவு எழுத முயன்றேன். எத்தனையோ பேருக்கு நானே பாடம் எடுத்த மென்பொருள் அது. தலைப்பு எழுதும் கட்டத்தைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. "பொத்தான், பொத்தான், பெயரில்லாத பொத்தான்" என்று குரல் சொல்லிக்கொண்டே போனது. இருட்டில் வேறு யாருடைய வீட்டிலோ நிற்பது போலிருந்தது. மானிட்டரைப் போட்டதும் வந்த நிம்மதி இருக்கிறதே, அது அந்த அம்மாவுக்கு ஒருநாளும் கிடைக்காத நிம்மதி என்பது அப்போதுதான் உறைத்தது.

சோதனை நாளில் அவர் வந்து உட்கார்ந்ததும் முதலில் செய்தது என்னைத் திகைக்க வைத்தது.

"அந்த வாய்ஸ நிறுத்திருங்க அம்மிணி. வெறும் கையிலயே பார்க்கறேன்."

"எதுக்குங்க்கா? ரெண்டும் இருந்தா உங்களுக்குச் சுலபமாச்சே?"

"எடது காது போயிருச்சுங்க. வலதும் போயிட்டிருக்குதுன்னு கோயமுத்தூர்ல டாக்டர் சொல்லிட்டாரு. எப்பன்னு அவருக்கே தெரியலையாம். சத்தத்த நம்பி ஒண்ணக் கட்டி வெச்சா, நாளைக்கு அதுக்குள்ள நானே போக முடியாதுங்களே?"

கடைசி பஸ் இன்றைக்கு வராது என்று சொல்வதுபோல இயல்பாகச் சொன்னார். கண்ணுக்குப் பதிலாகக் காதை வைத்து வாழ்ந்தவர். அதுவும் போகப்போகிறது என்று தெரிந்ததும் அவர் யோசித்தது, போவதற்குள் எதையெல்லாம் கேட்டு எழுதிவிடலாம் என்பதை.

அவர் விரல்கள் அந்தக் கருவியின் மேல் ஓடியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பெரும்பாலோர் பயன்படுத்தும் மென்பொருள். பத்திகளைக் கட்டம் கட்டமாக இழுத்துப் போட்டு அடுக்கும் புதிய வகை. அதில் நான் தொலைந்த இடத்திலேயே அவரும் தொலைந்தார். ஆனால் பதறவில்லை. கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "இதக் கட்டினவரு நல்லா பார்வை இருக்கறவரு போலிருக்குது" என்று சிரித்தார். அடுத்தது ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் வலைப்பூ. அதில் விளம்பரங்கள் நடுநடுவே புகுந்து புள்ளிகளைக் குலைத்தன. மூன்றாவது மிக எளிமையானது. தலைப்பு, உடல், வெளியிடு, அவ்வளவுதான். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பதிவு எழுதி வெளியிட்டுவிட்டார்.

"இது நல்லா இருக்குதுங்க. ஊட்டுக்குள்ள சாமானே இல்ல. நடந்தா எதுலயும் முட்டாது."

முடிந்தது என்று நினைத்தேன். அவர் விரலை எடுக்காமல் பக்கத்தின் அடிவரை போய்விட்டு, "கேக்கறவங்க எங்க பேசுவாங்க?" என்றார்.

அந்த எளிய மென்பொருளில் பின்னூட்டம் எழுத இடமே கிடையாது. வேண்டுமானால் வேறொரு சேவையை ஒட்ட வைக்க வேண்டும். ஒட்டிக் காட்டினேன். பின்னூட்டம் போடுகிறவர் மனிதர்தானா என்று உறுதிப்படுத்த, அது படங்களைக் காட்டி, பேருந்து எதிலெல்லாம் இருக்கிறது என்று கேட்டது. அவருடைய வலைப்பூவிலேயே அவரால் ஒரு பதில் எழுத முடியவில்லை.

"நான் மனுசிதானான்னு கேக்குது பாருங்க, அதுவும் படத்தக் காட்டி!" அவர் குலுங்கிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரகாஷ் எழுந்து வந்தார். "அக்கா, கமெண்ட்டே வேண்டாம்ங்க. அது தொறந்து வெச்ச கதவு மாதிரி. கண்ட விளம்பரமெல்லாம் வந்து கொட்டும். இப்பல்லாம் பெரிய பெரிய சைட்லயே மூடிட்டாங்க. நீங்க எழுதுங்க, ஜனங்க படிக்கட்டும்" என்றார். தொழில்முறையில் அவர் சொன்னது சரிதான். நானும் பலருக்குப் பின்னூட்டத்தை மூடிக் கொடுத்திருக்கிறேன்.

பத்மாக்கா அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "தம்பி, நான் பூரா சர்வீசும் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ. ஒருத்தர் மட்டும் பேசிட்டே இருந்தா அது ரேடியோங்க. எனக்கு ரேடியோ வேண்டாம்."

கேள்வி என் கைக்கு வந்தது. எளிமையானதில் அவரால் எழுத முடியும், ஆனால் யாரும் பதில் பேச முடியாது. பெரும்பாலோர் பயன்படுத்தும் பெரியதில் பதில் பேசலாம், ஆனால் அவரால் எழுத முடியாது. இரண்டு நாள் யோசித்து, பெரியதையே எடுத்து அதை உரிக்க ஆரம்பித்தேன். கட்டம் கட்டும் பகுதியை நீக்கிவிட்டுப் பழைய வெறும் எழுதுபலகையைப் போட்டேன். அலங்காரம், நகரும் படங்கள், தானாகத் திறக்கும் சாளரம் எல்லாவற்றையும் கழற்றினேன். பின்னூட்டம் அதன் உள்ளேயே இருந்தது. பூட்டுக்குப் படங்களை வைக்காமல் தமிழில் ஒரு கேள்வியை வைத்தேன்: 'நீலகிரியில் எந்தச் செடியின் கொழுந்தைப் பறிக்கிறார்கள்?' பதில் தெரிந்தவர் உள்ளே வரலாம். வந்த பின்னூட்டமும் பத்மாக்கா விரலால் படித்து அனுமதித்த பிறகே எல்லோருக்கும் தெரியும்.

ஒப்படைக்கும் முன்னால் இன்னொன்றும் செய்தேன். பதிவுகள், ஒலிகள், பின்னூட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே எடுத்து, வேறொரு இடத்தில் பிரித்துப் பார்த்தேன். முழுசாக வந்தது. பிரகாஷ் கிண்டல் செய்தார். "குடிபோற அன்னைக்கே ஊட்டக் காலி பண்றதப் பத்தி யோசிக்கறீங்களேக்கா!"

அப்புறம் தொடங்கியது அந்த வலைப்பூ.

அவருடைய கணவர் மாணிக்கம் குந்தா மின்நிலையத்தில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். ஸ்கூட்டரின் பின்னால் மனைவியை உட்கார வைத்துக்கொண்டு மலையெல்லாம் சுற்றினார். ஜெகதளா தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் காற்றாடிகள், பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு ஏறும் மலை ரயில், குந்தாவில் மலையிலிருந்து இறங்கும் பெரிய குழாய்க்குள் தண்ணீர் உறுமுவது, விடியலில் சோலைக்குள் நீலகிரிச் சிரிப்பான் குருவிகள் ஒன்று சிரிக்க மற்றதெல்லாம் சேர்ந்துகொள்வது. ஒவ்வொன்றுக்கும் கீழே அவர் எழுதியதைப் படிக்கும்போது நான் வேலையை மறந்துவிடுவேன். மூடுபனியைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்:

'மூடுபனிக்குச் சத்தம் உண்டு. மற்ற சத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைக்கும் சத்தம். முதலில் பேருந்து தூரமாகும். பிறகு நாய். பிறகு பக்கத்து வீட்டுப் பாத்திரம். கடைசியில் கற்பூர மரத்து இலை நுனியிலிருந்து சொட்டும் ஒரு துளி மட்டும் கிட்டத்தில் வந்து நிற்கும்.'

இந்த மலையில் பிறந்து வளர்ந்தவள் நான். மூடுபனியை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அன்று வேலை முடிந்து இறங்கி நடக்கும்போது பனி மூடியிருந்தது. சாலையோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் எழுதிய அதே வரிசையில் பஸ் போனது, நாய் போனது. துளி வந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை காலமும் என் ஊரின் பாதியைத்தான் தெரிந்து வைத்திருந்தேன்.

படிக்கிறவர்கள் மெல்ல மெல்லச் சேர்ந்தார்கள். வலது காது அதே மாதிரி மெல்ல மெல்லப் போனது. பதிவுகளில் அது தெரிந்தது. முதலில் குருவிகள் நின்றன. பிறகு தூரத்து ரயில். கடைசியில் குந்தா குழாய் மாதிரி பெரிய சத்தங்கள் மட்டும் வந்தன. மாணிக்கம் அண்ணன் கணினியில் தட்டச்சு செய்யப் பழகிக்கொண்டார். அவர் ஒற்றை விரலால் எழுத எழுத, எதிரே உட்கார்ந்திருக்கும் பத்மாக்காவின் விரலடியில் புள்ளிகள் எழும். காபி குடிக்கிறாயா என்பதிலிருந்து எல்லாமே அப்படித்தான்.

ஒரு தென்மேற்குப் பருவமழை சமயத்தில் ஒலி எதுவும் இல்லாமல் ஒரு சின்னப் பதிவு வந்தது.

'இன்று பெரிய மழை என்று மாணிக்கம் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கூரைக்குக் கீழே மரத்தூணில் கையை வைத்துப் பார்த்தேன். தூண் நடுங்கியது. அதுதான் மழை என்று தெரிந்துகொண்டேன். இனி இங்கே புதிய சத்தம் வராது. இதுவரை கூட இருந்து கேட்டவர்களுக்கு நன்றி.'

படித்ததும் போனை எடுத்தேன், திரும்ப வைத்தேன். போன் செய்ய முடியாது. நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். 'பரவாயில்லீங்க அம்மிணி. நெறைய கேட்டாச்சு' என்று பதில் வந்தது.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை. அலுவலகத்துக்குள் நுழையும்போதே பிரகாஷ் பதற்றத்தோடு இருந்தார். எங்களுக்கு சர்வர் வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனியிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. பத்மாக்காவின் வலைப்பூவில் அளவுக்கு மீறிப் பின்னூட்டங்கள் குவிகின்றன, இது ஸ்பாம் என்னும் குப்பைத் தாக்குதலாகத் தெரிகிறது, மாலைக்குள் அழிக்காவிட்டால் கணக்கையே முடக்கிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் மற்ற வாடிக்கையாளர்களின் தளங்களும் அதே கணக்கில்தான் இருந்தன. ஹோட்டல்கள், தேயிலைக் கடைகள், ஒரு பள்ளிக்கூடம்.

"கலாக்கா, மொத்தமா செலக்ட் பண்ணி அழிச்சிருங்க. இல்லைன்னா எல்லா சைட்டும் சேர்ந்து படுத்துரும்."

உள்ளே போய்ப் பார்த்தேன். அனுமதிக்காகக் காத்திருந்த பின்னூட்டங்கள் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தன. அப்படி ஒரு குவியலை நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் கட்டத்தைச் சொடுக்கினேன். அழி என்ற பொத்தான் மேல் அம்பு நின்றது.

அப்போது ஒரு சந்தேகம் வந்தது. குப்பை அனுப்பும் இயந்திரம் தமிழில் கேட்ட கேள்விக்குத் 'தேயிலை' என்று எப்படிப் பதில் சொல்லும்?

"ஒண்ணே ஒண்ணப் படிச்சுப் பார்த்துக்கறேன்" என்றேன்.

"டைம் இல்லீங்க்கா."

"ஒண்ணு."

திறந்தேன்.

'பத்மா அம்மா, நான் கோத்தகிரிப் பக்கம் தோட்டத்துல இருக்கேன். சின்னதுல இலங்கையிலிருந்து வந்தவ. உங்களுக்கு மழை கேக்கலனு என் மகன் படிச்சுக் காட்டுனான். அதான் சொல்றேன். இன்னைக்கு விடிய இங்கன மழை. லயத்து வீட்டுத் தகரக் கூரையில மொதல்ல மெதுவா, மொறத்துல கேப்பைய உருட்டுற மாதிரி. பொறகு யாரோ மூட்டைய அவுத்துக் கொட்டுற மாதிரி. காலையில வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுல பேர் கூப்புடுறது ஒருத்தருக்கும் கேக்கல. அவ்வளவு சத்தம். நீங்க கேக்குறதுக்காக நான் வெளியே நின்னு கேட்டேன்.'

அடுத்ததைத் திறந்தேன். வளைகுடாவில் நர்ஸாக இருக்கும் ஜெகதளாப் பெண். லீவில் ஊருக்கு வந்தபோது ஃபேக்டரி சங்கு ஊதியதையும், அது நின்ற பிறகும் எதிர்மலையில் கொஞ்ச நேரம் ஊதிக்கொண்டிருந்ததையும் எழுதியிருந்தாள். அதற்கடுத்தது பிக்கட்டியில் ஒரு விவசாயி. 'கேரட்ட மண்ணுல இருந்து புடுங்கறப்ப ஒரு சத்தம் வருமுங்க. ஈரமண்ணு மனசே இல்லாம விடற சத்தம். யாரும் கவனிக்க மாட்டாங்க. உங்களுக்காக இன்னைக்குக் குனிஞ்சு கேட்டேனுங்க.'

யாரோ அந்தப் பதிவை எஸ்டேட் வாட்ஸப் குழுக்களில் போட்டிருக்கிறார்கள். அது ஊர் ஊராக, நாடு நாடாகப் போயிருக்கிறது. யாரும் யாரிடமும் சொல்லி ஏற்பாடு செய்யவில்லை. முகம் தெரியாத ஒரு அம்மாவுக்குக் காது போய்விட்டது என்று படித்ததும், அவரவர் வாசலுக்கு வந்து நின்று, கேட்டதை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு சொடுக்கில் இதையெல்லாம் அழிக்கப் பார்த்தேன்.

"பிரகாஷ், இங்க வாங்க. இதப் படிங்க."

நின்றபடியே ஒன்று படித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொன்று. கேரட்காரர் எழுதியதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டு, குப்பை இல்லை, மனிதர்கள் எழுதியது என்று எவ்வளவோ சொன்னார். மறுமுனையில் இருந்தவர் விதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

போனை வைத்துவிட்டு, "வெளிய எடுத்துருவோம்க்கா" என்றார். "எல்லாத்தையும் கட்டுங்க. வேற எடத்துல குடி வெச்சிரலாம்."

மூட்டை கட்டி என் மடிக்கணினிக்குள் இறக்கி முடிக்கவும், எங்கோ மரம் விழுந்து கரண்டு போகவும் சரியாக இருந்தது. பின்னாலேயே இன்டர்நெட் லைனும் செத்தது. மூட்டை கையில் இருக்கிறது, கொண்டுபோய் இறக்க வழியில்லை. மாலைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். பழைய இடத்தில் அழிக்கலாம் என்றால், புதிய இடத்தில் ஒழுங்காக இறங்கியதா என்று பார்க்காமல் எப்படி அழிப்பது?

பிரகாஷ் கார் சாவியை எடுத்தார். அருவங்காடு பக்கம் சாலையோரம் ஒரு வளைவில் போனில் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. காரை ஓரம் கட்டி, போனை மடிக்கணினியோடு இணைத்துவிட்டு, புதிதாக வாடகைக்கு எடுத்த சர்வரில் மூட்டையை ஏற்ற ஆரம்பித்தோம். நத்தை மாதிரி நகர்ந்தது. நடுவில் ஒருமுறை அறுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மழை கூரையை அறைந்துகொண்டிருந்தது. பிரகாஷ் சட்டென்று வைப்பரை நிறுத்தினார். இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஏறி முடிந்ததும் திறந்து பார்த்தேன். மூடுபனி இருந்தது. மலை ரயில் இருந்தது. காத்திருந்த பின்னூட்டங்கள் ஒன்றுவிடாமல் வந்திருந்தன. பொழுது சாயும் முன் பழைய இடத்தைக் காலி செய்துவிட்டோம் என்று அந்தக் கம்பெனிக்குத் தெரிவித்தோம். மற்றவர்களின் தளங்களுக்கு எந்தச் சேதமும் இல்லை.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது என்று கேட்பீர்கள். எந்த மென்பொருள் நல்லது என்று ஒருவர் கேட்டால், அவர் அதை எப்படிப் படிப்பார், யாரோடு பேச நினைக்கிறார் என்று முதலில் கேளுங்கள். உள்ளே எதையும் வைப்பதற்கு முன்னால், வெளியே எடுக்க முடிகிறதா என்று நீங்களே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு அவசரமானாலும், மொத்தமாக அழிப்பதற்கு முன் ஒன்றையாவது திறந்து படியுங்கள். எனக்குத் தெரிந்த தொழில் இவ்வளவுதான். அதற்கு மேல் அங்கே நடந்ததற்கும் என் திறமைக்கும் சம்பந்தமில்லை.

மறுநாள் காலை ஜெகதளா போனேன். மாணிக்கம் அண்ணன் கதவைத் திறந்தார். முந்தின நாள் நடந்த எதுவும் அவர்களுக்குத் தெரியாது. பத்மாக்கா அந்தக் கடைசிப் பதிவுக்குப் பிறகு வலைப்பூவைத் திறக்கவே இல்லை. நான் தோளைத் தொட்டதும் கையைப் பிடித்து, வளையலைத் தடவிப் பார்த்து, "கலா அம்மிணியா?" என்றார். அவரைக் கணினியின் முன் உட்கார வைத்து, 'உங்களுக்கு நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள்' என்று தட்டினேன். முதல் பின்னூட்டத்தைத் திறந்து விட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

விரல்கள் இடமிருந்து வலமாகப் போயின. திரும்பி வந்தன. கோத்தகிரி லயத்து மழையில் அவர் முகம் மெல்ல மேலே உயர்ந்தது, கூரையைப் பார்ப்பவர் மாதிரி. ஒவ்வொன்றையும் முடித்து அனுமதித்துவிட்டு அடுத்ததுக்குப் போனார். நடுநடுவே தனக்குத்தானே உரக்கப் பேசினார். "கேரட்டு! இத எப்படி விட்டுட்டேன் நானு?" காபி ஆறிப்போய் ஏடு கட்டியது. காது கேட்காத, கண் தெரியாத ஒரு பெண் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, மலை முழுவதையும் விரல் நுனியில் கேட்டுக்கொண்டிருந்தார். கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

ஒரு பின்னூட்டத்தில் விரல் நின்றது. பின்னால் போய் மறுபடி முதலிலிருந்து படித்தார். மாணிக்கம் அண்ணன் பால் பொங்கப் போகிறது என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். அடுப்பில் பால் எதுவும் இல்லை. நான் திரையைப் பார்த்தேன்.

'பத்மா, மாணிக்கம் எழுதறேன். எல்லாரும் மழை, ரயிலு, குருவின்னு எழுதிருப்பாங்க. நான் உன் சத்தத்த எழுதறேன். உனக்குத்தான் அது இப்பக் கேக்கறதில்லையே. குந்தா பவர் ஹவுஸ்ல இருந்து கோயமுத்தூருக்கு லைன் கேட்டப்ப மொத மொதக் கேட்டேன். "கொஞ்சம் லைன்ல இருங்க"ன்னு சொன்ன. டர்பைன் எரைச்சல்ல என் பேச்சு எனக்கே கேக்கல. உன்னோடது மட்டும் கேட்டுச்சு. அப்பறம் வேலையே இல்லைன்னாலும் கோயமுத்தூருக்கு லைன் கேட்டேன். இப்ப நீ கொஞ்சம் சத்தமாப் பேசற. நம்ம ஊட்டுல என்ன கொழம்புன்னு தெருவுக்கே தெரியுது. ஆனா "இருங்க"ன்னு சொல்றப்ப கடைசியில ஒரு இழுப்பு இழுப்பியே, அது அப்படியேதான் இருக்குது.'

ஒரே வீட்டில், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தினமும் அவருக்குத் தட்டச்சு செய்கிற மனிதர், எல்லோரையும்போல அந்தக் கேள்விக்குத் தேயிலை என்று பதில் எழுதி, வரிசையில் காத்திருந்திருக்கிறார்.

பத்மாக்கா இரண்டு கைகளையும் கருவியின் மேலேயே வைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினார். எதிர்ச்சரிவில் கொழுந்து பறிப்பவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

"ஏனுங்க! அந்த லைன் கேட்டதெல்லாம் சும்மாத்தானா?"

மாணிக்கம் அண்ணன் வெளியே வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் மெதுவாகப் பதில் எழுத ஆரம்பித்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.